கையெழுத்துக்கு எவ்வளவு, கண்காணிப்புக்கு எவ்வளவு?

மனநல இல்லங்களுக்குத் தரப்படும் தற்காலிகப் பதிவின் ஆயுள் 12 மாதம். அது முடியும் தறுவாயில்தான் கடிதங்கள் குவிகின்றன. இல்லம் நடத்துபவர்கள், அங்கே டியூட்டி பார்க்கும் நர்ஸ்கள், உறவினரைச் சேர்த்திருப்பவர்கள் என எல்லாத் தரப்பிலும் குழப்பம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த கடிதம் நேராகவே கேட்கிறது: வாரம் ஒருநாள் வந்து நர்ஸ்களின் வேலையை மேற்பார்க்கும் மனநல மருத்துவருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தொகை எதையும் சொல்லவில்லை. பேரம் பேசித்தான் முடிவாகிறது.

மேற்பார்வை என்றால் என்ன?

பதிவுக் காகிதத்தில் அது ஒரு பெயர், ஒரு பதிவு எண். வார்டில் கதையே வேறு. இரவு இரண்டு மணிக்கு நோயாளி ஒருவர் கண்ணாடியை உடைக்கிறார். நைட் டியூட்டி சிஸ்டர் போனை எடுக்கிறார்: “டாக்டர், பேஷன்ட் கட்டுப்படவே மாட்டேங்கிறார், என்ன பண்ணட்டும்?” சிஸ்டர் தானாக மருந்தை மாற்ற முடியாது. நோயாளியைக் கட்டிப்போடவும் முடியாது. சட்டத்தின் 97-ஆவது பிரிவுப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டலாம். அந்த நேரத்தில் போனை எடுக்கும் டாக்டர்தான் மேற்பார்வையாளர். எடுக்காதவர் பெயர்ப்பலகையில் மட்டும் இருப்பவர்.

நியாயமான தொகையை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இல்லத்தில் 20 பேர். ஆளுக்கு வாரம் 15 நிமிடம் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம், மாதத்துக்கு 20 மணி நேரம். அதே டாக்டர் தன் கிளினிக்கில் மணிக்கு நான்கு பேரை, தலைக்கு 700 ரூபாய் வாங்கிப் பார்க்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 2,800. மாதம் 56,000. வேளச்சேரி சாலை நெரிசலில் கழியும் நேரமும் இரவு போனும் இதில் சேரவில்லை.

இல்லம் தருவது 15,000 என்றால், அது வாங்கியிருப்பது மாதத்துக்கு ஐந்தேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 20 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வாரம் நான்கு நிமிடம். மிச்ச நேரத்தை டாக்டர் தர்மத்துக்குக் கொடுக்கிறாரா, கொடுக்காமலே கையெழுத்துப் போடுகிறாரா என்பது கேஸ் ஷீட்டைப் பார்த்தால் தெரியும்.

அப்படியானால் அதிகம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. சிக்கல் தொகையில் மட்டும் இல்லை, யார் கொடுக்கிறார், எதைக் கணக்கு வைத்துக் கொடுக்கிறார் என்பதிலும் இருக்கிறது. சுயமாக முடிவெடுக்க இயலாத ஒருவரை 89-ஆவது பிரிவின் கீழ் 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் வேறொரு மருத்துவராகவோ மனநல வல்லுநராகவோ இருக்கலாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மனநல நர்ஸும் இந்த வல்லுநர் பட்டியலில் வருவார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். டாக்டருக்குப் பணம் தருவது இல்லம். நர்ஸுக்குச் சம்பளம் தருவது அதே இல்லம். நர்ஸின் வேலையை மேற்பார்ப்பது அதே டாக்டர். ஆள் சேர்ந்தால் வருமானம் இல்லத்துக்கு. டாக்டருக்கும் ‘தலைக்கு இவ்வளவு’ என்று பேசிவிட்டால், “இவருக்கு அட்மிஷன் தேவையில்லை” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தன் பையிலிருந்து இழக்கிறார். சட்டம் ‘தனித்தனியாக’ என்று எழுதிவைத்தது. அந்தத் தனித்த பரிசோதனைக்கு யார் பணம் தருவது என்பதை எழுதாமல் விட்டுவிட்டது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருந்து எழுத, டாக்டர் ஒருவரோடு ஒப்பந்தம் வேண்டும். டெக்சாஸில் ஒரு டாக்டர் பொதுவாக ஏழு பேர் வரைதான் இப்படி ஏற்கலாம். அந்தக் கட்டணத்தைப் பல இடங்களில் நர்ஸே கொடுக்கிறார். மேற்பார்க்கப்படுபவரே மேற்பார்ப்பவருக்குப் படியளக்கும் விசித்திரம் அங்கேயும் உண்டு. ஆனால் அவர்களுடைய கூட்டாட்சிச் சட்டங்களில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு கொள்கை இருக்கிறது: டாக்டருக்கான தொகை சந்தை மதிப்பில் இருக்க வேண்டும், அனுப்பிவைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கக் கூடாது. நம் ஊர் இல்லங்களும் தலைக்கணக்கை விட்டு, மணிக்கணக்குக்கும் போன் பொறுப்புக்கும் தனித்தனியாக எழுதி ஒப்பந்தம் போடலாம்.

மதுப்பழக்க மறுவாழ்வு மையத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும், மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன.

பதிவில்லாத இல்லத்தில் டாக்டரோ நர்ஸோ வேலை பார்த்தால்?

தெரிந்தே வேலை பார்க்கும் மனநல வல்லுநருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். இல்லத்துக்கு முதல் முறை 5,000 முதல் 50,000 வரை.

டாக்டர்களே கிடைப்பதில்லையே?

உண்மைதான், லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்று 2023-இல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது.

குடும்பத்தார் என்ன செய்யலாம்?

தன் அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையை 25-ஆவது பிரிவு நோயாளிக்குத் தருகிறது. அடுத்த முறை போகும்போது அவரோடு சேர்ந்து கேஸ் ஷீட்டைக் கேளுங்கள். டாக்டர் கடைசியாகப் பார்த்த தேதியும் அவர் கைப்பட எழுதிய குறிப்பும் அதில் இல்லையென்றால், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதுங்கள்.