அமெரிக்கக் கால்பந்து: விதிகள் மாற்றும் ரசனை

நீள்கோள வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, முன்னால் எறிந்தோ, 100 கெஜ நீளமுள்ள களத்தின் மறுமுனைக்குக் கொண்டுசேர்க்க 11 பேர் முயல, அவர்களை எதிரணியின் 11 பேர் உடலால் மோதியும் வீழ்த்தியும் தடுக்கும் ஆட்டமே அமெரிக்கக் கால்பந்து. இந்த ஆட்டத்தில் மோதல் என்பது தவறி நேர்வது அன்று. விதிகளே அதை எதிர்பார்க்கின்றன. 1920-இல் தொடங்கப்பட்டு இன்று 32 அணிகளுடன் இயங்கும் தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.), கடந்த பதினைந்து ஆண்டுகளாக வீரர்களின் தலையையும் கழுத்தையும் முழங்காலையும் காக்கவென்று விதிமேல் விதியாகக் கொண்டுவந்துள்ளதால், ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று குறைபட்டுக்கொள்ளும் ரசிகர் கூட்டம் ஒன்று அமெரிக்கா முழுவதும் உருவாகியுள்ளது. அந்தக் குறையில் எவ்வளவு உண்மை, எந்த விதி ரசனையைக் கெடுக்கிறது, எது அதை வளர்க்கிறது என்பதை மூளையியல், இயற்பியல், பார்வையாளர் உளவியல் ஆகிய மூன்றின் துணையோடு ஓரளவு ஆராய முடியும்.

பாதுகாப்பு விதிகள் இந்த ஆட்டத்துக்குப் புதியவை அல்ல. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் பல இளைஞர்கள் உயிரிழந்ததை அடுத்து, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதைத் தொடர்ந்து 1906-இல் செய்யப்பட்ட மாற்றங்களில் ஒன்றுதான் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற அனுமதி. வீரர்கள் ஒரே இடத்தில் குவிந்து நசுங்குவதைக் குறைக்கும் நோக்கமும் அந்த மாற்றத்துக்கு இருந்தது; இன்றைய ரசிகர்கள் இந்த ஆட்டத்தின் தலையாய அழகாகக் கருதும் நெடுந்தூர எறிதல் அதன் வழியாகவே பிறந்தது. விதி கடுமையானால் அழகு குறையும் என்று பொதுவாக நினைப்போர் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

மூளைக்கு நேரும் பாதிப்பின் தன்மை வெகுகாலம் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. என்.எஃப்.எல். ஆட்டங்களில் 1943-இல் கட்டாயமாக்கப்பட்ட ஹெல்மெட், மண்டையோடு பிளப்பதைத் தடுப்பதில் திறமையானது. ஆனால் மண்டையோட்டுக்குள் நீர்மம் சூழ மிதந்துகொண்டிருக்கும் மூளை, தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் உள்ளுக்குள் முறுக்கப்படுவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. தயிர்ச்சட்டியை வேகமாகச் சுழற்றி நிறுத்தினால் சட்டிக்கு ஒன்றும் ஆகாமல் தயிர் மட்டும் உடைவதைப் போன்றது இது. அவ்வாறு முறுக்கப்படும்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. அவற்றைத் தாங்கி நிறுத்தும் ‘டாவ்’ என்னும் புரதம் தன் இடத்திலிருந்து கழன்று, ஆண்டுக்கணக்கில் முடிச்சுகளாகத் திரண்டு, நினைவாற்றலையும் மனநிலையையும் நடத்தையையும் சிதைக்கிறது. இந்த நிலையே ‘சி.டி.இ.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும், திரும்பத் திரும்பப் படும் அடிகளால் நாள்பட உருவாகும் மூளைநோய். இறந்தபின் மூளையை வெட்டிச் சோதித்தால் மட்டுமே இதை உறுதிப்படுத்த முடிகிறது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்வரிசையில் நடு வீரராக ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல் தம் 50-ஆம் வயதில் இறந்தபோது, நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு அவரது மூளையில் இந்தப் புரத முடிச்சுகளைக் கண்டு, 2005-இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ தலைமையிலான குழு, 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-இல் இந்த நோயின் அடையாளம் இருந்ததாகத் தெரிவித்தது. நோயின் அறிகுறிகளைக் கண்டு கவலையுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆய்வுக் குழுவே அதை எச்சரித்திருந்தது. ஆயினும் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் லீக் ஒப்புக்கொண்ட இழப்பீடு, 2013-இல் 76.5 கோடி டாலராகத் தொடங்கிப் பின்னர் 100 கோடி டாலரைத் தாண்டியபோது, விதிமாற்றம் இனித் தவிர்க்க முடியாதது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இனி ரசிகரின் பக்கம். வன்மையான ஆட்டத்தை மக்கள் ரசிக்கிறார்களா என்ற கேள்விக்கு ஆய்வுலகம் நாசூக்காகப் பதில் சொல்லவில்லை, ஆம், ரசிக்கிறார்கள். ஜென்னிங்ஸ் பிரையன்ட், பால் கோமிஸ்கி, டால்ஃப் சில்மான் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைக்காட்சியில் வந்த என்.எஃப்.எல். ஆட்டத் துண்டுகளைப் பார்த்தவர்கள், குறிப்பாக ஆண்கள், முரட்டுத்தனம் கூடிய துண்டுகளையே கூடுதலாக ரசித்தனர். இதைவிட முக்கியமானது அதே மூவர் 1977-இல் பனி ஹாக்கி ஆட்டத்தை வைத்துச் செய்த சோதனை. சாதாரணமான ஆட்டத்துக்கு, மோதலை ஊதிப் பெருக்கும் வர்ணனையைச் சேர்த்தபோது, உண்மையிலேயே முரட்டுத்தனமாக ஆடப்பட்ட, ஆனால் அதைப்பற்றி வாய்திறக்காத வர்ணனை கொண்ட ஆட்டத்தைவிட அது முரட்டுத்தனமானதாகப் பார்வையாளர்களுக்குத் தோன்றியது. ரசிகர் அனுபவிக்கும் வன்மையில் ஒரு பெரும்பகுதி களத்தில் நிகழ்வதில்லை. அது வர்ணனையாளரின் குரலில் நிகழ்கிறது. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி, அந்த வாரத்தின் மிகக் கொடூரமான மோதல்களைத் தொகுத்து, வர்ணனையாளர்கள் ஒரே குரலில் கூவி மகிழும் நிகழ்ச்சிப் பகுதி ஒன்றையே நடத்தி வந்தது. அது கைவிடப்பட்ட பின் ரசிகர்களின் எண்ணிக்கை சரிந்துவிடவில்லை.

ரசிகர் விரும்புவது மோதலை. அதன் விளைவை அன்று. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி நகரில், விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட சாதாரணத் தடுப்பு ஒன்றுக்குப் பின், பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் இதயத் துடிப்பு நின்று களத்திலேயே சாய்ந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிப்பிளவில் மார்பின்மேல் விழும் அடி, துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும் அரிய நிகழ்வு அது. ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டு, பின்னர் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. ஹாம்லின் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்க நடத்திவந்த சிறு நிதித் திரட்டலில் சில நாள்களுக்குள் 80 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. மோதலுக்குக் கைதட்டிய அதே கைகள்தாம் அந்தப் பணத்தையும் கொடுத்தன.

அப்படியானால் குறை எங்கிருந்து எழுகிறது? விதிகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும். களத்தில் வீரர்கள் நிற்கும் இடத்தையும் தூரத்தையும் மாற்றி, ஆபத்தான மோதல் உருவாகாமலே செய்துவிடும் விதிகள் ஒரு வகை. மோதல் நடக்கும் கணத்தில் வீரர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, தவறினால் தண்டிக்கும் விதிகள் மற்றொரு வகை. ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சுற்றியே எழுகிறது.

பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கைக் காக்கும் விதிகள் இரண்டாம் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. 2008 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து குவார்ட்டர்பேக் டாம் பிராடி அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியாமல் போனபின், கீழே விழுந்த தடுப்பு வீரர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாய்வது 2009-இல் தடுக்கப்பட்டது. 2018-இல், குவார்ட்டர்பேக்கை வீழ்த்துபவர் தம் உடல் எடை முழுவதையும் அவர்மேல் இறக்கக்கூடாது என்ற கட்டளை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இயற்பியல் இங்கே விதியோடு ஒத்துழைப்பதில்லை. மனிதர் ஒன்றைக் கண்டு உடலை அசைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் வீரர் அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார். கால் தரையை விட்டுப் பாய்ந்துவிட்டாலோ, உடலின் எடைமையம் செல்லும் பாதையை மாற்ற அவரால் இயலவே இயலாது. 2018 செப்டம்பரில் மயாமி அணியின் வில்லியம் ஹேஸ், எதிரணிக் குவார்ட்டர்பேக்கின்மேல் தம் எடை விழாமல் தவிர்க்க முயன்று, தம் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அதே மாதத்தில் கிரீன் பே அணி, பந்தை இடைமறித்து வெற்றியை உறுதிசெய்துவிட்டதாகக் கொண்டாடிக்கொண்டிருந்த கணத்தில், அதன் வீரர் கிளே மேத்யூஸ் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் தாக்கிய விதம் தவறு என்று நடுவர் மஞ்சள் துணியை வீச, இடைமறிப்பு செல்லாமற்போய், மினசோட்டாவுடனான அந்த ஆட்டம் 29-29 எனச் சமனில் முடிந்தது. இங்கே ரசிகருக்குப் பறிபோனது வன்மை அன்று. தான் கண்ணால் கண்டது நிகழ்ந்துவிட்டது என்ற நிச்சயம். மகிழ்ச்சியில் குதிக்குமுன் களத்தின் மூலையில் துணி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் அன்றைய ரசிகரிடம் படிந்துவிட்டது.

இவ்வகை விதிக்குப் பக்கவிளைவும் உண்டு. தலையை நோக்கிய தாக்குதலுக்கு 2010 முதல் கடும் அபராதம் விதிக்கப்பட்டதும் (பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு ஒரே தாக்குதலுக்காக 75,000 டாலர்), தடுப்பு வீரர்கள் சிலர் குறியைக் கீழே இறக்கினர்; 2013-இல் பந்து பிடிக்கும் வீரரான ராப் கிரான்கவ்ஸ்கியின் முழங்கால் அத்தகைய தாழ்ந்த தாக்குதலில் சிதைந்தது. ஆபத்து ஒழியாமல் இடம் மாறியது. எல்லாத் தண்டனை விதிகளும் இப்படித் தோற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: ஹெல்மெட்டை ஈட்டிபோல் முன்னே நீட்டிப் பாய்வது கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் 1976-இல் தடைசெய்யப்பட்ட பின், கை கால் செயலிழக்கும் கழுத்து முறிவுகள், மருத்துவர் ஜோசப் டோர்க் குழுவின் கணக்குப்படி, அந்த ஆண்டின் 34-இலிருந்து 1984-இல் 5-ஆகக் குறைந்தன. ஓடும் முன்பே பழகிக்கொள்ளக்கூடிய உடல் தோரணையைப் பற்றிய விதி அது, அதனால் வென்றது.

முதல் வகைக்கு வருவோம். ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் பந்தை எதிரணிக்கு உதைத்தனுப்பும் ‘கிக்ஆஃப்’, நெடுங்காலம் ஆட்டத்தின் ஆபத்தான கட்டமாக இருந்தது. இரு அணியினரும் நாற்பது, ஐம்பது கெஜம் முழு வேகத்தில் ஓடிவந்து நேருக்கு நேர் மோதினர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் காலாகக் குறையும் என்பது இங்கே தீர்மானமான கணக்கு. 2011-இல் உதைக்கும் இடத்தை 5 கெஜம் முன்னே நகர்த்தியதும் பந்து எல்லையைத் தாண்டி விழுவது மிகுந்து, எதிரணி அதைப் பிடித்துத் திருப்பி ஓடுவதே அருகியது. ஆபத்து குறைந்தது உண்மை. கூடவே கண்கொள்ளாக் காட்சியும் போனது. 2023 பருவத்தில் ஐந்தில் ஒரு கிக்ஆஃப் அளவுக்கே திருப்பி ஓடப்பட்டது. விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே யாரும் பார்க்காத சடங்காக அது சுருங்கிவிட்டது.

2020-இல் எக்ஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீக் முயன்றுபார்த்த ஏற்பாட்டைத் தழுவி, 2024-இல் என்.எஃப்.எல். கிக்ஆஃபின் வடிவத்தையே மாற்றியது. உதைப்பவர் பழைய இடத்திலேயே நிற்க, அவரது அணியின் மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40 கெஜக் கோட்டில், தடுப்போரிடமிருந்து சில கெஜத் தொலைவில் வரிசையாக நிற்கின்றனர். பந்து களத்தையோ பிடிப்பவரையோ தொடும்வரை இவர்கள் யாரும் அசையக்கூடாது. நீண்ட ஓட்டம் ஒழிந்ததால் மோதலின் வேகம் தணிந்தது. திருப்பி ஓடும் விகிதமோ முதல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்காக உயர்ந்து, எல்லையைத் தாண்டும் உதைக்கான தண்டனை 2025-இல் கூட்டப்பட்டதும் அதைவிட இரு மடங்குக்கு மேலாக ஏறியது. லீக் 2015 முதல் வெளியிட்டுவரும் கணக்கில் அதுவரை மிகக் குறைவாக, மூளையதிர்ச்சிகள் 2023-இன் 219-இலிருந்து 2024-இல் 182-ஆகக் குறைந்தன. ஹெல்மெட்டுகளின் மேம்பாடு உள்ளிட்ட வேறு காரணங்களும் அதில் உண்டு. 2007 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் முதல் உதையையே 92 கெஜம் திருப்பி ஓடிப் புள்ளியாக்கிய டெவின் ஹெஸ்டர், புகழ்மிகு வீரர் மண்டபத்தில் சேர்க்கப்பட்டதும் இதே 2024-இல்தான்.

புதிய கிக்ஆஃபின் வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. உதைத்த அணியே பந்தைச் சட்டென்று கைப்பற்றும் ‘ஆன்சைடு’ உதையை, பின்தங்கியுள்ள அணி மட்டும், அதுவும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் இனிச் செய்ய முடியும். 2010 பிப்ரவரி இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியை நியூ ஆர்லியன்ஸ் அணி யாரும் எதிர்பாராத அத்தகைய உதையோடு தொடங்கி, பந்தைக் கைப்பற்றி, 31-17 என்று கோப்பையையும் வென்றதைப் பார்த்தவர்கள், அப்படியொரு கணம் இனிக் கிடைக்காது என்று வருந்துவதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்புக் கணக்கில் ஏறாத இழப்பு அது.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்டால், அது எந்த இழப்பையும் காட்டவில்லை. 2025 பிப்ரவரி இறுதியாட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 12.77 கோடிப் பேர் பார்த்தனர். அணியொன்று ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளி, 1977-இல் 17.2-ஆக இருந்தது, பந்து பிடிப்போரையும் எறிவோரையும் காக்கும் விதிகள் பெருகியபின், 2020-இல் 24.8-ஐத் தொட்டது. எலும்பு நொறுங்கும் ஓசைக்காக வந்த பழைய ரசிகரின் இடத்தில், நெடுந்தூர எறிதலுக்காகவும் பந்தயப் பணத்துக்காகவும் பார்க்கும் புதியவர் அமர்ந்திருக்கக்கூடும். மொத்த எண்ணிக்கை அதை மறைத்துவிடும்.

இவ்வளவு விவாதமும் கண்ணுக்குத் தெரியும் மோதல்களைப் பற்றியது. ஆனால் 631 மூளைகளை வைத்து பாஸ்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சி.டி.இ. நோயை முன்கணிப்பதில் மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கையைவிட, வாழ்நாளில் தலை ஏற்ற எல்லா அடிகளின் மொத்த விசையே மேலானது. பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் முன்வரிசை வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தலையால் இடித்துக்கொள்வதைத் தொலைக்காட்சி திரும்பக் காட்டுவதில்லை, நடுவர் துணி வீசுவதில்லை, ரசிகர் கவனிப்பதும் இல்லை. மைக் வெப்ஸ்டர் ஆடியது அந்த வரிசையில்தான். கிக்ஆஃபில் பயன்தந்த அதே வழி, அதாவது நிற்கும் நிலையையும் இடைவெளியையும் மாற்றும் வழி, இங்கேதான் மிகவும் தேவைப்படுகிறது. அதனால் ரசனை குறையும் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்திக் குனிந்து நிற்கும் முன்வரிசை நிலையை ஒருநாள் நீக்க நேரலாம் என்று லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் 2010-இல் பேட்டியொன்றில் குறிப்பிட்டார். அப்படியொரு விதி இதுவரை வரவில்லை.