ராமானுஜன் எழுதிய வேலை மனு

1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி. சென்னை திருவல்லிக்கேணியில் இருந்து ஒரு வாலிபர் வேலைக்கு மனு எழுதினார். வயது 24. கலியாணம் ஆனவர். நிலையான வருமானம் இல்லை.

அவர்தான் பிற்காலத்தில் உலகமே வியந்த கணித மேதை ராமானுஜன்!

ஆனால் அன்று அவர் எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். கணக்கு ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்றப் பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை.

நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். எத்தனை நாளைக்குப் பிறர் பணத்தில் சாப்பிடுவது? ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய் சம்பளத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

அப்போதுதான் சென்னை போர்ட் டிரஸ்டில், அதாவது துறைமுக ஆபீசில், ஒரு குமாஸ்தா வேலை காலி என்று தெரிந்தது.

மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை

மனு மிகச் சிறியது. சில வாக்கியங்கள்தான்.

எந்த வேலைக்கு மனுப் போடுகிறார் என்பது முதல் வரியிலேயே இருந்தது. இன்று கம்ப்யூட்டரில் ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. வேலையின் பெயர்கூட அதில் இராது. படிக்கிற அதிகாரி என்ன செய்வார், பாவம்!

மெட்ரிகுலேஷன் தேறியதை ராமானுஜன் சொன்னார். எப்.ஏ. வரை படித்ததையும், சில இடையூறுகளால் படிப்பு நின்று போனதையும் சொன்னார். "தவறிவிட்டேன்" என்ற சொல் அதில் இல்லை. "தேறினேன்" என்ற பொய்யும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். படிப்பு பாதியில் நின்றிருக்கும். அல்லது இரண்டு வருஷம் சும்மா இருந்திருப்பார்கள். சிலர் அதை மறைத்துவிட்டு, நேரில் கேட்கும்போது விழிப்பார்கள். சிலர் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் அரைப் பக்கம் எழுதுவார்கள். ராமானுஜன் அதற்கு ஒதுக்கியது ஒரே வாக்கியம். அடுத்த வாக்கியத்திலேயே, அந்தக் காலம் முழுவதும் கணிதத்தில் உழைத்து வந்ததைச் சொல்லிவிட்டார். பிறகு, வேலையை நன்றாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான், மனு முடிந்தது.

முந்திய ஆண்டு இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. மனுவில் அதை அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருக்கலாம்!

கூடவே ஒரு சிபாரிசு

சென்னை மாகாணக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். கணிதத்தில், முக்கியமாக எண்களில், இந்த இளைஞருக்கு அபாரத் திறமை. கணக்குப் போடுவதில் வெகு வேகம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். கணக்கு இலாகா குமாஸ்தாவுக்கு வேறு என்ன வேண்டும்? "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிப் பயன்கூட இருந்திராது.

மனு ஒன்றே வேலையை வாங்கித் தந்தது என்று சொல்ல முடியாது. ராமச்சந்திர ராவ் போன்ற பெரியவர்களின் ஆதரவும் இருந்தது. மார்ச் 1-ந் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

சீமைக்குப் போன கடிதம்

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இன்னொரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டிக்கு.

அதிலும் அதே நேர்மை. தாம் ஒரு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுன்தான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதினார். உண்மையில் 25!

இந்தத் தடவை சிபாரிசை நம்பவில்லை. தாம் கண்டுபிடித்த கணிதத் தேற்றங்களையே பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். துறைமுக ஆபீசுக்குப் பேராசிரியரின் கையெழுத்து தேவைப்பட்டது. ஹார்டிக்குக் கணக்கே போதும்.

கேம்பிரிட்ஜில் அதற்கு முன் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. ஹார்டி அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடவில்லை. நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஆராய்ந்தார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார்.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, கணக்கு எழுதிய அதே துறைமுகத்தில் ராமானுஜன் கப்பல் ஏறினார்.