முழங்கால் வலியும் வெற்று மாத்திரையும்

உங்கள் வீட்டுப் பாட்டி மாடிப்படி ஏறும்போது "அம்மாடி!" என்று முழங்காலைப் பிடித்துக் கொள்கிறாரா? முடக்கத்தான் தோசை, மஞ்சள் பற்று, கடை மாத்திரை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "எனக்கு இதில்தான் குணமாயிற்று" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வலி குறைந்தது அந்த மருந்தினால்தானா? எப்படிக் கண்டறிவது?

குளுக்கோசமைனை எடுத்துக்கொள்வோம். எலும்பு முனைகளில் மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பை ஆக்குவதற்கு நம் உடலே தயாரிக்கும் பொருள் இது. முதுமையில் மெத்தை தேய்கிறது. குளுக்கோசமைனை வாய்வழியே கொடுத்தால் சீராகிவிடாதா? இறால், நண்டு ஓடுகளிலிருந்து அதை எடுத்து மாத்திரையாக விற்கிறார்கள். யோசனை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது!

அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்வு கொண்ட 1,583 பேரை ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன். அடுத்ததற்குக் காண்டிராய்ட்டின் என்ற மற்றொரு குருத்தெலும்புப் பொருள். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்குச் செலிகாக்சிப் என்னும் வலி மருந்து. ஐந்தாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை! யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 24 வாரங்கள் கழித்து, வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்களை எண்ணினார்கள்.

முடிவு 2006-இல் வெளியாயிற்று. செலிகாக்சிப் குழுவில் நூற்றுக்கு 70 பேர். குளுக்கோசமைன் குழுவில் 64 பேர். வெற்று மாத்திரை தின்றவர்களில்? நூற்றுக்கு 60 பேர்!

வியப்பாக இருக்கிறதா? மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். பிறகு அது தானாகவே சற்று இறங்குகிறது. குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் வலியுணர்வைத் தணிக்கிறது. 60-க்கும் 64-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. கடும் வலியுள்ள சிறு பிரிவினரில் மட்டும் இரண்டும் சேர்ந்த மாத்திரை நன்கு உதவியதுபோல் தோன்றியது. ஆனால் சிலரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட முடிவில், எந்த மாத்திரையும் வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தவில்லை.

ஓர் எச்சரிக்கை. கை விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் காவற்படையே மூட்டைத் தாக்கும் நோய் அது. பொடிகளை நம்பிக் காலம் கடத்தினால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். பாட்டியை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. முடக்கத்தானை இதே முறையில் சோதிக்க வேண்டும். அதே பச்சை நிறமும் அதே இலேசான கைப்பும் உள்ள, ஆனால் முடக்கத்தான் சேராத வெற்றுத் தோசையை எப்படிச் சுடுவீர்கள்?