பப்ஜி போன இடத்தில் ஃபௌஜி

பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது 2020 செப்டம்பர் 2 அன்று. இரண்டே நாளில், செப்டம்பர் 4 அன்று, இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் ட்விட்டரில் ஒரு போஸ்டரை வெளியிட்டார். பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் ஒரு ராணுவ விளையாட்டைத் தயாரிக்கிறது. அதன் பெயர் ஃபௌ-ஜி. வருமானத்தில் 20 சதவீதம் ‘பாரத் கே வீர்’ நிதிக்குப் போகும். இவ்வளவுதான் செய்தி. பெயரே பப்ஜிக்கு இயைபாக அமைந்துவிட்டதால், போனதற்கு மாற்று வந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கடுத்த பத்து மாதங்கள் செல்போன் விளையாட்டுக்காரர்கள் இரண்டு வரவுகளுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்று இந்த உள்நாட்டுச் சரக்கு. மற்றொன்று, எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று நம்பப்பட்ட பழைய பப்ஜி.

பப்ஜியின் ஆட்டவிதி எளிது. நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இருக்காது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தோட்டா, ஹெல்மெட், மருந்துப் பெட்டி என்று கிடைத்ததை அள்ளிக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர் பேச்சில் அது ‘லூட்’. வரைபடத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நின்றால் ஆயுள் கரையும். அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் ஒரு சிறு வயல்வெளிக்குள் நெருக்கித் தள்ளப்படுவார்கள். கடைசியில் மிஞ்சும் அணிக்குச் ‘சிக்கன் டின்னர்’. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் வகுத்த இந்த ஆட்டத்தைத் தென் கொரியாவின் புளூஹோல் நிறுவனம் 2017இல் கணினிக்குக் கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் அதைச் செல்போனுக்கு மாற்றியது சீனாவின் டென்சென்ட். இந்தச் சீனக் கைதான் பின்னால் வினையாயிற்று. தடைக்கு முன்பு இந்தியாவில் சுமார் 17.5 கோடி முறை அது தரவிறக்கப்பட்டிருந்ததாகச் சென்சார் டவர் நிறுவனம் மதிப்பிட்டது. உலக மொத்தத்தில் அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

இந்தக் காத்திருப்புக்குச் சென்னையின் பள்ளிக்கரணை போன்ற இடங்களில் ஆள் பஞ்சம் இருக்கவில்லை. சதுப்புநிலத்துக்குக் கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள். மேற்கே வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டி, நாராயணபுரம், மேடவாக்கம் என்று நீளும் வாடகை வீடுகள், பி.ஜி. விடுதிகள், கல்லூரி மாணவர்களின் அறைகள். 2020 மார்ச் ஊரடங்கில் அலுவலக வேலை வீட்டுக்கு வந்தது. அறையைக் காலி செய்தவர்கள் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் தஞ்சாவூருக்கும் பிரிந்து போனார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் மறுபடி ஒன்றுகூடிய இடம் பப்ஜியின் லாபி. “மச்சி, மைக்க ஆன் பண்ணு” என்பதில் தொடங்கும். சுடப்பட்டு மண்டியிட்டவன் “நாக் ஆயிட்டேன், ரிவைவ் குடுறா” என்று கத்துவான். தோற்றவன் “லேக் அடிக்குதுடா” என்று நெட்டின் மேல் பழியைப் போடுவான். ஆட்டத்துக்கு நடுவிலேயே சம்பளப் பிடித்தமும் அரியர் தேர்வும் பேசி முடிந்துவிடும். நாலு பேர் கொண்ட ‘ஸ்குவாட்’ என்ற அமைப்பு இதற்கு ரொம்பப் பொருத்தம்.

ஆகவே மாற்று விளையாட்டிடம் எதிர்பார்க்கப்பட்டவற்றில் தேசபக்தி முதல் இடத்தில் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டும், பேசிக்கொண்டே ஆட வேண்டும். மூன்று ஜிபி ரேம் உள்ள போனில் சூடேறாமல் ஓட வேண்டும். பிங் எகிறக் கூடாது. அதாவது, விரல் பொத்தானைத் தொட்டதற்கும் எதிராளி விழுவதற்கும் இடையே தாமதம் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காசு கொடுத்து யூசி என்ற விளையாட்டுப் பணம் வாங்கிச் சேர்த்த துப்பாக்கி ஸ்கின்களும் உடுப்புகளும் என்னவாகும் என்ற கவலை. இந்தக் கடைசிக் கவலையை எந்தப் புதிய நிறுவனமும் தீர்த்திருக்க முடியாது.

இப்படி இரண்டு போர் விளையாட்டுகளை எதிரெதிரே நிறுத்திக் காத்திருப்பது மேல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2011இல் பேட்டில்ஃபீல்ட் 3 அக்டோபர் 25 அன்று வந்தது. கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3 நவம்பர் 8 அன்று. 2025இலும் அதே கதைதான்: பேட்டில்ஃபீல்ட் 6 அக்டோபர் 10, கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 7 நவம்பர் 14. முன்னதன் ரசிகர் பரந்த போர்க்களம், டாங்கிகள், இடிந்து விழும் கட்டடங்கள் கேட்பார். பின்னதன் ரசிகர் நொடிக்கு நொடி விறுவிறுப்பு கேட்பார். ஆனால் அங்கே முந்தைய பாகங்கள் உண்டு, பீட்டா சோதனை உண்டு. எதிர்பார்ப்புக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஃபௌ-ஜிக்காகக் காத்திருந்தவர்கள் கையில் இருந்தது ஒரு போஸ்டரும், அக்டோபர் 25 அன்று தசராவை ஒட்டி வந்த ஒரு டீசரும் மட்டுமே. நவம்பர் 30 அன்று பிளே ஸ்டோரில் முன்பதிவு திறந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. எதற்காகப் பதிகிறோம் என்று அவர்களில் பலருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டீசரை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியிருக்கும்: அதில் யாரும் சுடவில்லை. காரணம் விளையாட்டின் களத்திலேயே இருந்தது. 2020 ஜூன் 15 இரவு, கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான ஹவில்தார் கே. பழனி அவர்களில் ஒருவர். அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டு இந்திய–சீன ஒப்பந்தம். அதனால் அந்த இரவுச் சண்டை கல், கட்டை, இரும்புக் கம்பி கொண்டு நடந்தது. அதைத்தான் ஃபௌ-ஜி முதல் அத்தியாயமாக எடுத்துக்கொண்டது. உண்மைக்கு நெருங்க நெருங்க, துப்பாக்கியை எதிர்பார்த்தவர்களிடமிருந்து அது விலகிப் போனது.

பழனி உள்ளிட்டோருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரி 25 அன்று. மறுநாள், குடியரசு தினத்தில், விளையாட்டு வெளியானது. நடந்து ஏழு மாதமே ஆன ஒரு சாவைத் தொடுதிரைப் பொத்தானாக்குவது சரியா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் குவிந்த புகார்கள் வேறு ரகம். தனித்துவிடப்பட்ட ஓர் இந்திய வீரர் மலைப்பாறைகளுக்கு இடையே நடந்து போகிறார். எதிரிகள் இருவர் மூவராக வருகிறார்கள். அடிக்க ஒரு பொத்தான், தடுக்க ஒரு பொத்தான். வெறுங்கையாலும், கீழே விழும் கட்டை கம்பிகளாலும் அவர்களை வீழ்த்த வேண்டும். ஆயுள் குறைந்தால் வழியில் எரியும் நெருப்பருகே உட்கார, உடம்பு தேறும். பிறகு அடுத்த கூட்டம். துணைக்கு ஆள் இல்லை, மைக் இல்லை, ஸ்குவாட் இல்லை. நண்பர்களோடு இறங்கலாம் என்று காத்திருந்தவர், பனியில் தனியாக நின்றார்.

பிளே ஸ்டோரில் அதன் மதிப்பெண் சில நாட்களிலேயே மளமளவெனச் சரிந்து 3 நட்சத்திரத்தை ஒட்டி நின்றது. இதில் தயாரித்தவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. இது பப்ஜிக்கு மாற்றல்ல, தடைக்கு முன்பே தொடங்கிய வேலை என்று என்கோர் கேம்ஸை நிறுவியவர்களில் ஒருவரான விஷால் கோண்டல் சொல்லிவந்தார். அப்படியானால் தடைக்கு மறுநாளைக்கு மறுநாள் போஸ்டரை வெளியிட்டிருக்க வேண்டியதில்லை. தடை தந்த விளம்பரத்தை வாங்கிக்கொண்ட பிறகு, அது கூடவே கொண்டுவந்த எதிர்பார்ப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அணியாகச் சேர்ந்து ஆடும் வடிவம் 2021 ஜூனில்தான் சோதனைக்கு வந்தது. அதற்குள் எதிரி வாசலுக்கு வந்துவிட்டார்.

எதிரி வந்த வழியும் நேர்வழியாக இல்லை. புளூஹோலின் தாய் நிறுவனமான கிராஃப்டன், தடை வந்தவுடன் இந்திய உரிமையை டென்சென்டிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 அக்டோபர் 30 அன்று இந்தியாவில் சர்வர்கள் நின்றன. நவம்பர் 12 அன்று ‘பப்ஜி மொபைல் இந்தியா’ வரப்போவதாகவும், இந்தியாவில் 10 கோடி டாலர் முதலிடப்போவதாகவும் அறிவிப்பு வந்தது. தேதி மட்டும் வரவில்லை. நாளைக்கு வருகிறது, பொங்கலுக்கு வருகிறது என்று யூடியூபில் காணொளிகள் ஓடின. பொறுமை இழந்தவர்கள் விபிஎன் வழியாகக் ‘கொரியன் வெர்ஷன்’ ஆடினார்கள். தடை செய்யப்பட்ட அந்த விளையாட்டை ஆபாசப் பேச்சோடு நேரலையில் ஆடிக் காட்டியதாகச் சென்னை யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அந்த வழக்கைப் பற்றிய செய்திகளைப் படித்துத்தான், தடை எவ்வளவு ஓட்டையானது என்று பல பெற்றோர் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

2021 மே மாதம் பெயர் மாறியது: பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமாக பிஜிஎம்ஐ. மே 18 அன்று திறந்த முன்பதிவு இரண்டு வாரத்தில் 2 கோடியைத் தொட்டதாகக் கிராஃப்டன் கூறியது. ஜூன் 17 அன்று சோதனைப் பதிப்பு, ஜூலை 2 அன்று முழு வெளியீடு. ஐபோன்காரர்கள் ஆகஸ்ட் வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மாற்றங்கள் மேலோட்டமானவை. சிவப்பு ரத்தம் பச்சை ஆனது. கொன்றதாகக் காட்டும் சொல் போய், ‘ஃபினிஷ்’ வந்தது. இது நிஜ உலகம் அல்ல என்று நினைவூட்டும் அறிவிப்பு ஒலித்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். பெற்றோரின் கைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். மகனின் வயதை 21 என்று மகனே பதிந்துகொள்ளும் வீடுகளில் இந்த விதி என்ன செய்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மற்றபடி அதே எராங்கல் தீவு, அதே விமானம், அதே வட்டம். பழைய கணக்கில் இருந்த ஸ்கின்களைக் கொண்டுவரவும் வழி இருந்தது. ஃபௌ-ஜியால் தர முடியாத அந்த ஒன்றே போட்டியை முடித்துவைத்தது எனலாம்.

முடிந்தது போட்டிதான், பதற்றம் அல்ல. பயனர் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்ததாகக் கிராஃப்டன் கொண்டாடிய அதே 2022 ஜூலையில், 28ஆம் தேதி, பிஜிஎம்ஐயும் அரசு உத்தரவின் பேரில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கரீனா ஃப்ரீ ஃபயரும் தடைப் பட்டியலில் சேர்ந்திருந்தது. 2023 மே மாதம் மூன்று மாத சோதனை அனுமதியோடு பிஜிஎம்ஐ திரும்பியது. ஃப்ரீ ஃபயர் இந்தியா 2023 செப்டம்பர் 5 அன்று வரும் என்றார்கள். மகேந்திர சிங் தோனி அதில் ‘தல’ என்ற பெயரில் ஒரு பாத்திரமாகவே அறிவிக்கப்பட்டார். சென்னை ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அறிவித்த நாளில் விளையாட்டு வரவில்லை, தள்ளிவைக்கப்பட்டது.

உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் இதற்குள் பாடம் படித்திருந்தார்கள். புனேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் ‘இண்டஸ்’ விளையாட்டை வெளியிட்டது. சிந்துவெளி நாகரிகம் அழியாமல் வளர்ந்திருந்தால் என்ற கற்பனையில் அமைந்த களம். வெளியீட்டுக்கு முன் நீண்ட பீட்டா சோதனை. 2025 ஜனவரியில் ஃபௌ-ஜி பெயரே ‘ஃபௌ-ஜி: டாமினேஷன்’ என்று திரும்பியது. இம்முறை துப்பாக்கி இருந்தது, ஐந்து பேருக்கு ஐந்து பேர் என அணி இருந்தது, முந்தைய டிசம்பரிலேயே ஆட்டக்காரர்களை அழைத்து ஆடவிட்டுக் குறை கேட்டார்கள். கால் ஆஃப் டூட்டி போன்ற பெரும் பெயரே ‘வார்சோன் மொபைல்’ மூலம் 2024 மார்ச்சில் நுழைந்து, 2025 மேயில் கடையிலிருந்து இறங்கிவிட்ட சந்தை இது. பிஜிஎம்ஐ ஏறியிருக்கும் போனில் இன்னொரு பெரிய விளையாட்டுக்கு இடம் இருப்பதில்லை. அதை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்ற ஒருவர் தயாரானாலும், ஸ்குவாடின் மற்ற மூவரும் அதே ராத்திரி அதையே செய்ய வேண்டும்.