குடவோலையும் கணிப்பொறித் தீர்ப்பும்: செயற்கை நுண்ணறிவு ஆளுகையில் கணக்குக் காட்டும் கடமை

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்த அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் 2019 முதல் பல ஆவணங்களை வெளியிட்டு வருகின்றன. இக்கட்டுரை அவற்றை மூன்று போக்குகளாகப் பகுத்து விளக்குகிறது. இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மேற்கொண்ட நிலைப்பாடுகளை அவற்றோடு வைத்து நோக்குகிறது. மனித விருப்பம் தலையிடாத ஒரு பொறிமுறையை ஊரவை எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதற்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, அதன் வலிமையையும் குறையையும் இன்றைய சிக்கலோடு ஒப்பிடுகிறது. ‘பொறுப்பு’ என்னும் ஒரே சொல்லால் மூன்று கருத்துகளைக் குறிப்பதால் தமிழில் விளையும் மயக்கத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, ஆளுகை, குடவோலை, உத்திரமேரூர், கணக்குக் காட்டுதல், தரவுப் பற்றாக்குறை.

1. முன்னுரை

ஓய்வூதியம், குடும்ப அட்டை, கடன், வேலை முதலியவற்றிற்குத் தகுதியுடையோர் யார் என்பதை முடிவு செய்யும் பணியில் கணிப்பொறி நிரல்கள் உலகெங்கும் புகுந்துள்ளன. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோர் மோசடியாளர் எனத் தவறாகக் கருதப்பட்டனர். இடரைக் கணிக்கும் நிரல் ஒன்றும் அதற்குத் துணைநின்றது. அவ்விவகாரத்தால் 2021 சனவரியில் அந்நாட்டு அமைச்சரவை பதவி விலகியது. தெலங்கானாவில் இலட்சக்கணக்கான குடும்ப அட்டைகள் கணினிவழிச் சரிபார்ப்பின் அடிப்படையில் நீக்கப்பட்டமை குறித்த வழக்கில், அவற்றை நேரடிக் கள ஆய்வால் மீளச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் 2022இல் ஆணையிட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே வினாவை எழுப்புகின்றன. பொறி வழங்கிய முடிவுக்கு யார், யாரிடம், எந்த மொழியில் கணக்குக் காட்ட வேண்டும்? இவ்வினாவை முன்வைத்தே ஆளுகை ஆவணங்களை இக்கட்டுரை அணுகுகிறது.

2. உலக அளவில் மூன்று போக்குகள்

முதலாவது, நெறிமுறைப் போக்கு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2019 மே மாதத்தில் செயற்கை நுண்ணறிவுக் கோட்பாடுகளை ஏற்று, 2024இல் அவற்றைத் திருத்தியது. யுனெஸ்கோ 2021 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு அறவியல் பரிந்துரையை ஏற்றது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2024 மார்ச் 21 அன்று இப்பொருள் பற்றிய தீர்மானத்தை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் பன்னாட்டு அறிவியல் குழு ஒன்றையும் உலகளாவிய உரையாடல் மன்றம் ஒன்றையும் நிறுவ அப்பேரவை முடிவு செய்தது. இவை அரசுகளுக்கு வழிகாட்டுவன; மீறுவோரைத் தண்டிக்கும் ஆற்றல் இவற்றிற்கு இல்லை.

இரண்டாவது, சட்டப் போக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பயன்பாடுகளை அவை விளைவிக்கும் இடரின் அளவைக் கொண்டு தரம் பிரிப்பது இதன் அடிப்படை. மக்களுக்கு மதிப்பெண் இட்டு நடத்தும் சமூகத் தரப்படுத்தல் போன்றவை தடை செய்யப்பட்டன. இத்தடை 2025 பிப்ரவரி 2 முதல் செயல்படுகிறது. அரசு உதவிகளுக்கான தகுதியை முடிவு செய்யும் நிரல்கள் உயர் இடர் வகையில் அடங்கும். அவற்றிற்கு மனிதக் கண்காணிப்பு, செயற்பதிவேடு முதலியன கட்டாயமாகும். பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கும் உரிமையும் தரப்பட்டுள்ளது. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை அபராதம் விதிக்கலாம். எனினும் உயர் இடர் விதிகளின் தொடக்கத்தைத் தள்ளிவைக்க ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்தது. சீனா, ஆக்கவகைச் செயற்கை நுண்ணறிவுக்கான இடைக்கால விதிகளை 2023 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைப்படுத்தியது.

மூன்றாவது, உச்சி மாநாட்டுப் போக்கு. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் கூடிய மாநாட்டின் அறிக்கையை இந்தியா, சீனா, அமெரிக்கா உள்ளிட்ட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றன. 2024இல் சியோலிலும், 2025 பிப்ரவரியில் இந்தியா இணைத்தலைமை ஏற்கப் பாரிசிலும் இம்மாநாடு தொடர்ந்தது. பாரிசு அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையொப்பமிடவில்லை. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணை, 2025 சனவரி 20 அன்று ஆட்சி மாறியவுடன் நீக்கப்பட்டது. அரசியல் உடன்பாட்டை மட்டும் நம்பிய நெறி, உடன்பாடு மாறும்போது உடன் மாறும் என்பதற்கு இவை சான்றாகும்.

3. இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் நிதி ஆயோக் 2018இல் தேசிய உத்தி ஆவணத்தையும், 2021இல் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான கோட்பாடுகளையும் வெளியிட்டது. தனிநபர் தரவைக் காக்க 2023இல் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 மார்ச் 1 அன்று மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விடுத்த அறிவுரை, சோதனை நிலையில் உள்ள நிரல்களை வெளியிடும் முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்றது. எதிர்ப்பு எழவே, இரு வாரங்களுக்குள் அவ்வறிவுரை மாற்றப்பட்டது. 2025 நவம்பரில் அவ்வமைச்சகம் வெளியிட்ட ஆளுகை வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச்சட்டம் தேவையில்லை, நடப்பிலுள்ள சட்டங்களே போதும் என்னும் நிலையை எடுத்தன. நம்பிக்கை, மக்கள் முதன்மை, நேர்மை, கணக்குக் காட்டும் கடமை உள்ளிட்ட ஏழு ‘சூத்திரங்கள்’ அதில் வகுக்கப்பட்டுள்ளன.

சூத்திரம் என்பது தமிழ் மரபில் நூற்பா. சில சொற்களில் பல பொருளை அடக்குவது நூற்பாவின் இயல்பு. அதனாலேயே அதற்குக் காண்டிகையும் விருத்தியும் எழுந்தன. எடுத்துக்காட்டின்றி நூற்பா நடைமுறைக்கு வருவதில்லை. ஏழு சூத்திரங்களுக்கும் இன்று தேவைப்படுவது இத்தகைய உரையே. ஒரு முதியவரின் விண்ணப்பம் நிரலால் மறுக்கப்படும்போது ‘மக்கள் முதன்மை’ என்பதற்கு என்ன பொருள் என்று உரை சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு இவ்வகையில் முன்னரே ஓர் அடி எடுத்து வைத்தது. 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்ட ‘தமிழ்நாடு பாதுகாப்பான மற்றும் அறநெறிசார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’, அரசுத் துறைகள் இத்தகைய நிரல்களைப் பயன்படுத்தும் முன் அவற்றை மதிப்பிட வேண்டும் என்கிறது. அதற்கெனப் ‘டாம்டெஃப்’ என்னும் சட்டகமும், ‘டீப்மேக்ஸ்’ என்னும் மதிப்பெண் அட்டையும் அதில் தரப்பட்டன. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், கணக்குக் காட்டுதலும் சட்டச் சிக்கல்களும், தவறான பயன்பாட்டிலிருந்து காத்தல், மின்னியல் இடைவெளியும் தரவுப் பற்றாக்குறையும், அறம், நேர்மை ஆகிய ஆறு கூறுகள் அச்சட்டகத்தில் உள்ளன. இவற்றுள் தரவுப் பற்றாக்குறையைத் தனிக் கூறாக வைத்தமை தமிழாய்வாளர் கவனத்திற்குரியது.

4. உத்திரமேரூர்க் கல்வெட்டு: பொறிமுறையை ஆளுதல்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 காலத்தவை. இவற்றை மக்களாட்சியின் தொடக்கச் சான்றாகப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அவற்றை வேறொரு கோணத்தில் காண்கிறது. குடவோலை ஒரு பொறிமுறை. இன்னார் வர வேண்டும் என்னும் விருப்பம் அதற்கில்லை. அப்பொறிமுறையை ஊர்ச்சபை எங்ஙனம் கட்டுப்படுத்தியது என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

கட்டுப்பாடு மூன்று நிலைகளில் அமைகிறது. முதல்நிலை, உள்ளீடு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர், கல்வியும் ஒழுக்கமும் உடையவர் ஆகியோர் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் விலக்கப்பட்டது.

இரண்டாம் நிலை, செயல். சபை முழுமையும் கூடியிருக்க, குடம் எல்லோரும் காணத் தூக்கிக் காட்டப்பட்டது. உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதைப் பெறும் மத்தியத்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமாரும் வாசித்தனர். ஐயத்திற்கு இடமளிக்கக்கூடிய ஒவ்வொரு கட்டமும் பலர் கண்முன் நிகழுமாறு வகுக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் நிலை, விளைவு. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 360 நாள் பணியாற்றினர். குற்றம் கண்டால் உடன் நீக்கப்பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய குறிப்பிட்ட உறவினர் பெயரும் குடத்தில் இடப்படவில்லை.

இவ்விதிகள் 919இல் வகுக்கப்பட்டு, இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டன என்பதும் நோக்கத்தக்கது. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு இரண்டாவதில் மாறியது. இரு முறையும் அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருக்கச் சபையே விதி செய்தது. விதி திருத்தப்படுவது இழுக்கன்று. திருத்தமும் விதியைப் போலவே எல்லோரும் காணும் சுவரில் எழுதப்பட்டமையே அதன் சிறப்பு.

5. ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டை இரு காரணங்களால் எல்லையோடு கொள்ள வேண்டும். குடவோலையை ஊரார் அனைவரும் புரிந்துகொள்ள இயலும். கோடிக்கணக்கான எண்மதிப்புகளைக் கொண்ட இன்றைய நிரல் ஒரு முடிவை ஏன் எடுத்தது என்பதை, அதை உருவாக்கியவரே முழுமையாக விளக்க இயலாத நிலை உள்ளது. ஆகவே ‘எல்லோரும் காணச் செய்தல்’ மட்டும் இன்று போதாது. தணிக்கையும் மேல்முறையீடும் தேவை.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். நிலமற்றோர், பெண்கள், பிற சமூகத்தார் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. குடம் எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும் அதில் இல்லாத பெயர் வெளிவராது. இன்றைய தரவுப் பற்றாக்குறையும் இத்தன்மையதே. நிரலின் கணக்கு பிழையற்றதாக இருப்பினும், அது கற்ற தரவில் இடம்பெறாத மக்களின் வழக்கை அது அறியாது. ஐயங்கார்குளம் போன்ற சிற்றூரிலிருந்து எழுதப்படும் மனுவில் நத்தம், புறம்போக்கு, அனாதீனம், மதகு, கலங்கல் போன்ற சொற்கள் வரும். இவை உரிமையைத் தீர்மானிக்கும் சொற்கள். செய்தித்தாள் தமிழை மட்டும் கற்ற நிரல் இவற்றைப் பிறழ உணர்ந்தால், இழப்பு மனுதாரருக்கே. ஐரோப்பியச் சட்டம் தரும் விளக்கம் கேட்கும் உரிமை போன்றதொன்று இங்கு வருமாயின், அவ்விளக்கம் மனுதாரர் அறிந்த தமிழில் அமைந்தால்தான் அது உரிமையாகும்.

6. சொல்லும் பொருளும்

ஆளுகை ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்போர் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’, ‘அக்கவுண்டபிலிட்டி’, ‘லயபிலிட்டி’ ஆகிய மூன்றையும் ‘பொறுப்பு’ என்றே பெயர்க்கக் காண்கிறோம். முதலாவது, செயலைச் செய்ய வேண்டிய கடமை. இரண்டாவது, செய்ததற்கு விடை சொல்லும் கடமை. மூன்றாவது, இழப்பை ஈடுசெய்யும் சட்டக் கடப்பாடு. இவற்றை ஒரே சொல்லால் குறித்தால், ‘நிறுவனம் பொறுப்பாகும்’ என்னும் தொடருக்கு எப்பொருளும் கொள்ளலாம். எப்பொருளும் கொள்ளாமலும் விடலாம்.

முதலாவதற்குப் ‘பொறுப்பு’ என்பதையும், இரண்டாவதற்குக் ‘கணக்குக் காட்டும் கடமை’ என்பதையும், மூன்றாவதற்கு ‘ஈடுசெய் கடப்பாடு’ என்பதையும் வரையறுத்து வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. இவற்றுள் இரண்டாவது புத்தாக்கம் அன்று. கணக்குக் காட்டாதவனை விலக்கிய கல்வெட்டின் கருத்தே அது.

7. முடிவுரை

உலக ஆவணங்கள் நெறி, சட்டம், உடன்பாடு என மூன்று வழிகளில் செல்கின்றன. நெறிக்கு ஆற்றல் குறைவு; உடன்பாட்டிற்கு நிலைபேறு குறைவு; சட்டத்திற்கு இவ்விரண்டும் ஓரளவு இருப்பினும் அதைச் செயற்படுத்துவதில் தயக்கம் காணப்படுகிறது. இந்தியா நெறியையும் நடப்புச் சட்டங்களையும் நம்பியுள்ளது. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கொள்கையில் மதிப்பீட்டுச் சட்டகம் ஆயத்தமாக உள்ளது. அவ்வாறு மதிப்பிடப்பட்ட முடிவுகளைப் பொதுமக்கள் காணத் தமிழில் வெளியிடுவதே அதன் அடுத்த படியாக அமைய வேண்டும்.

தமிழ்த்துறைகள் இதில் ஆற்ற வேண்டிய பணிகள் மூன்று: வட்டார, நிருவாகச் சொல்வழக்குகளைத் தொகுத்துத் தரவாக்குதல், ஆளுகைக் கலைச்சொற்களை வரையறுத்தல், அரசு பயன்படுத்தும் நிரல்களின் தமிழைத் தணிக்கை செய்தல். பெயர் எழுதப்பட்ட ஓலையே குடத்திலிருந்து வெளிவரும். எழுதப்படாத பெயர்களை எழுதுவது மொழியறிஞரின் கடமையுமாகும்.