ஜெர்மனியில் லாஜிஸ்டிக்ஸ் மேற்படிப்பு: எது இலவசம்?

‘ஜெர்மனியில் லாஜிஸ்டிக்ஸ் மேற்படிப்பு இலவசமாமே?’ என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

லாஜிஸ்டிக்ஸ் என்பது சரக்கை ஏற்றி இறக்குவது மட்டுமல்ல. மூலப்பொருள் வாங்குவது முதல் கிடங்கு, கப்பல், கடை வரை அத்தனையையும் குறைந்த செலவில், குறித்த நேரத்தில் நடத்தும் வித்தை. ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுக நகரான ஹாம்பர்க்கில் இதைக் கற்க இரண்டு இடங்களைச் சொல்லலாம்.

ஒன்று, அரசு சார்ந்த ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். படிப்புக் கட்டணம் கிடையாது. பருவந்தோறும் சிறு தொகை மட்டும். ஆனால் இந்தப் பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். நம் பிள்ளையின் பட்டம் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். மற்றொன்று, 2010-இல் தொடங்கிய கியூனே லாஜிஸ்டிக்ஸ் பல்கலைக்கழகம். பாடம் ஆங்கிலத்தில், தனியார் என்பதால் கட்டணம் உண்டு.

கட்டணம் இல்லாவிட்டாலும் சாப்பாடு, வாடகை உண்டல்லவா? விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை ‘பிளாக்டு அக்கவுன்ட்’ என்ற கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டலாம். 2024 செப்டம்பரில் இதை 11,904 யூரோவாக்கினார்கள். இது செலவல்ல, நம் பணம்தான்; அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். ஆனால் வீட்டை அடகு வைத்துக் கட்டினால் வட்டி முதல் மாதமே ஓடத் தொடங்கும். இரண்டாம் ஆண்டுச் செலவு தனி.

படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். கிடங்கிலும் அலுவலகத்திலும் பெரும்பாலும் ஜெர்மன் பேச்சுதான். ஆகவே, நீங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகுமுன், பிள்ளையை மொழி வகுப்புக்கு அனுப்புங்கள்.