வடக்கு எந்தப் பக்கம்?

திருப்பூர் மாவட்டக் கணியூர்ப் பக்கம் ஒருவர் பனியன் கம்பெனிக்கு ஷெட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவையின் பழைய மில்களில் பார்த்திருப்போமே, ரம்பப் பல் போல ஏறி இறங்கி, வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்த ‘நார்த் லைட்’ கூரை. அதுதான் வேண்டும் என்கிறார். இன்ஜினீயர் அதைக் கணினியிலேயே முழுதாகக் கட்டிவிடுகிறார். அந்த மாதிரியில் சுவர் வெறும் கோடு அல்ல. தன் கனம், தன்மேல் இருக்கும் ஜன்னல் எல்லாம் அதற்குத் தெரியும். இந்த விவரங்களைச் சுமக்கும் பொதுக் கோப்புதான் ஐஎஃப்சி. 2013-ல் முழு ஐஎஸ்ஓ தரமாக, 16739 என்ற எண்ணோடு வந்தது.

முதலாளிக்குக் கோப்பு எதற்கு? படம் வேண்டும். ட்வின்மோஷன், பிளெண்டர் போன்ற மென்பொருளுக்கு மாதிரியை மாற்றும்போதுதான் கூத்து ஆரம்பம். அங்கே சுவர் முக்கோணங்களாக உடைகிறது. சில மென்பொருளுக்கு ‘மேலே’ என்பது இசட் அச்சு, சிலவற்றுக்கு ஒய். குழம்பினால் ஷெட் மல்லாந்து படுத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, ஒரே திருப்பில் நிமிர்த்திவிடலாம்.

படத்தில் சுவர் நடுங்குவதுதான் பலருக்கும் புரியாத வியாதி. கணியூர் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 11.7 லட்சம் மீட்டர் வடக்கே இருக்கிறது. சர்வேயர் தந்த அந்தத் தூரத்தோடே மாதிரியை ஏற்றினால், படம் வரையும் 32 பிட் எண்களால் அவ்வளவு பெரிய எண்ணில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த நகர்வைப் பதியவே முடியாது. ஒன்பதங்குலச் சுவர் என்ன ஆகும்? ஷெட்டின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால், அதே எண்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகப் பேசும்.

ஆனால் என் கவலை வடக்கைப் பற்றியது. வரைபவர் வசதிக்காக ரோட்டை ஒட்டியே கட்டடத்தை நேராக வரைவார். உண்மையான வடக்கு எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்பதை ஐஎஃப்சி தனியே குறித்துவைக்கும். ஓபிஜே போன்ற வெறும் முக்கோணக் கோப்பில் அதற்கு இடமே இல்லை. அது காணாமல் போனால் படத்தில் வெயில் தப்பான பக்கத்திலிருந்து அடிக்கும். படமோ அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

வடக்கைச் சரியாக வைத்தாலும் போதாது, அட்சரேகையும் வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷையர் மில்காரருக்கு நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. அந்நேரம் வடக்குக் கண்ணாடியில் நிழல்வெளிச்சம் மட்டுமே வரும். நமக்கு அப்படியில்லை. கணியூர் 10.6 டிகிரியில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம்வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. படம் காட்டும் மென்பொருளில் ஊரைக் கணியூர் என்றும் நாளை ஜூன் 21 என்றும், நேரத்தைப் பகல் 12.20 என்றும் கொடுத்துப் பாருங்கள். சூரியன் உச்சிக்கு 13 டிகிரி வடக்கே நிற்கும். கண்ணாடிக்கு நேர் கீழே கட்டிங் டேபிளைப் போட்டிருந்தால், அடுக்கிவைத்த துணியின்மேல் ஒல்லியாக ஒரு வெயில் பட்டை விழுந்து கிடக்கும்.